லேண்ட் குரூசரின் முன்பக்கத்துக்கு பிபி-51 ஷாக் அப்சார்பர்கள்
டொயோட்டா லேண்ட் குரூசர் 200 வெறும் வண்டியாகவே ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. அதன்மேல் முன்பக்கக் காப்புச் சட்டமான இரும்புப் புல்பாரும் (bull bar), சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் ஏறிவிட்டால், வண்டியோடு வந்த ஷாக் அப்சார்பர்கள் முன்பக்கத் துள்ளலை அடக்கத் திணறுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலையில் அலையலையாக இறுகிக் கிடக்கும் மண்ணுக்காகவே ஓல்டு மேன் ஈமு என்ற பிராண்டின் பிபி-51 வகை ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தினேன். வெளியே உள்ள தனிக் கலத்துக்கும் எண்ணெய் போய்வருவதால், சூடேறித் துள்ளலை அடக்கும் திறன் தளர்வது வெகுவாகக் குறைகிறது. மேலும் கீழுமான அசைவின் நடுப்பகுதியில் மென்மையாகவும் முனையை நெருங்குகையில் கடினமாகவும் இயங்குவதால், பள்ளத்தில் இறங்கும்போது ‘டங்’கென்ற அடி விழுவதில்லை. அமுங்குவதையும் மீள்வதையும் தனித்தனியே திருகி அமைக்கலாம், சேறு காய்ந்து ஒட்டிய அந்தத் திருகு வளையத்தைத் திருப்பத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். விலை கையைக் கடிக்கும். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இது வீண் செலவு. கூடிய எடைக்கேற்ற ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றி, உடனே வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும்.