38,500 ரூபாவுக்கு வாங்கின பெயின்ட்

38,500 ரூபா. எழுத்திலயும் போடுறன், முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. வானின்ட ரெண்டு முன் பிரேக் கலிப்பருக்கும் (ஒயில் அமுக்கத்தில பிஸ்டனைத் தள்ளி, பேட்டை வட்டில அமத்திச் சில்லை நிப்பாட்டுற சாமான்), "இலவசமா" வந்த ஒரு போத்தல் ஒயிலுக்கும் குடுத்த காசு. இப்ப அந்த ரெண்டு கலிப்பரும் மேசையில பிரிச்சுக் கிடக்கு, பக்கத்தில மாஸ்டர் சிலிண்டரும் (மிதிச்சா ஒயிலைக் கலிப்பருக்குத் தள்ளுற பம்ப்) பிரிச்சுக் கிடக்கு, வான் கல்லுக்கு மேல நிக்குது. மட்டக்களப்பில இருந்து பொத்துவில் வரைக்கும் வான் வச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசிங்க. ரீகண்டிசன் கலிப்பர், அதாவது பழசைப் புதுப்பிச்சு விக்கிறது, வாங்கக்குள்ள என்னென்ன பார்க்கணும் எண்டு கடைசியில ஒழுங்கா எழுதுறன்.

கலிப்பர் இறுகிறது நம்மட பக்கம் புதினம் இல்ல. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை எண்டு கரையோடயே ஓடுற வண்டியில டஸ்ட் கவர் (பிஸ்டனைத் தூசி படாம மூடுற றபர்) நகக்கண் அளவு கிழிஞ்சாப் போதும், உப்பு ஈரம் உள்ளுக்குப் போய் பிஸ்டன் விளிம்பில துரு கட்டிரும். உள்பக்கத்தால இன்னொரு எதிரி: டொட் 3, டொட் 4 எண்டு தரம் போட்டு விக்கிற பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 புதுசா இருக்கக்குள்ள 205 பாகையிலதான் கொதிக்கும், 3.7 வீதம் தண்ணி சேர்ந்தா 140 பாகையே தாங்கினாப் போதும் எண்டுதான் அளவுகோலே சொல்லுது. அப்படி ஒயிலோட பதுளை ரோட்டில லுணுகலைப் பக்கம் இறக்கம் இறங்கினா ஒயில் கொதிச்சு ஆவியாகி மிதி தரைக்குப் போகும். இறங்காம ஊருக்குள்ளயே ஓடினா அந்தத் தண்ணி பிஸ்டனைத் தின்னும்.

இந்த வானில ரெண்டு முன் சில்லும் இறுகி, வட்டு சூடாகி, பேட் மணத்துது. சில்லைத் தூக்கி வச்சு, ஒயிலுக்குள்ள இருக்கிற காத்தை வெளிய எடுக்கிற நிப்பிளை அரைச் சுத்துத் தளத்திப் பார்த்தாச்சு. தளத்தின உடனே சில்லு விட்டா கலிப்பரில குத்தம் இல்ல. ஒயில் போற றபர் ஹோஸ் உள்ளுக்க ஊதி ஒயிலைத் திரும்ப விடாம வச்சிருக்கும், இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டர் பிடிச்சு வச்சிருக்கும். நிப்பிள் திறந்தும் விடல்ல எண்டா பிஸ்டனோ, கலிப்பர் வழுக்குற பின்னோ இறுகியிருக்கு. இங்க விடல்ல. அப்பவே பழைய கலிப்பரைக் கழட்டிப் பிரிச்சிருக்கணும். ஹயர் நிக்குது எண்ட அவசரத்தில போனைத் திறந்தது பிழை.

பழைய வாகனச் சாமான் விக்கிற இணையச் சந்தை ஒண்டு. பேர் போடல்ல. "முழு ரீகண்டிசன், புதுச் சீல், புதுக் கவர், ஆறு மாசம் வொரண்டி" எண்டு விளம்பரம். விக்கிறவனிட்டக் கேட்டதுக்கு ஒரு வீடியோ வந்துது: ஒரு விரலால தள்ளுறான், பிஸ்டன் வெண்ணெய்க்குள்ள போற மாதிரி உள்ளுக்குப் போகுது. அதிலதான் விழுந்தது. இப்ப யோசிச்சா அந்த வீடியோவே சாட்சி. நல்ல சீல் பிஸ்டனைக் கவ்விப் பிடிக்கும். மிதியை விட்டதும் பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கிறதே அந்தச் சதுர சீல்தான். புதுச் சீல் போட்ட பிஸ்டனை ரெண்டு கைப் பெருவிரலும் வச்சு அமத்தித்தான் இறக்கணும். ஒரு விரலுக்குப் போகுது எண்டா சீல் செத்துட்டு. தெரிஞ்ச விசயம்தான். தெரிஞ்சும் ஏமாந்தது அடுத்த வசனத்தில:

"அண்ணன், நானும் கிழக்கு ஆள்தான். நம்மட ஆக்களுக்குப் பிழையான சாமான் குடுப்பனா?"

38,500 ரூபா வங்கியில போட்டாச்சு. சந்தையின்ட கட்டண முறையால இல்ல, நேரடியா அவன்ட கணக்குக்கு. "அதால போட்டா கொமிசன் வெட்டுவானுகள் அண்ணன்."

பெட்டிக்குள்ள லேபல் இல்லாத போத்தலில சிவப்பு ஒயில். போன் எடுத்துக் கேட்டதுக்குச் சொன்னான்: "அது பிளேனுக்குப் போடுற ஒயில் அண்ணன். நம்மட கடை ஒயிலை விடப் பத்து மடங்கு பவர். இதை ஊத்தாட்டி வொரண்டி இல்ல."

இதில பாதி உண்மை இருக்கு, அதுதான் ஆபத்து. சின்ன விமானங்களுக்கு, வீட்டில கட்டுற குட்டி விமானங்களுக்கும்தான், கன பிரேக்குகளில சிவப்பு மினரல் ஒயில் பாவிக்கிற உண்மை. மில்-எச்-5606 எண்டு சொல்லுறது அதைத்தான். ஆனா அந்த விமானக் கலிப்பருக்குள்ள இருக்கிறது நைட்ரைல் றபர் வளையம். மினரல் ஒயில் அதை ஒண்டும் செய்யாது. அதுக்குள்ள நம்மட டொட் ஒயிலை ஊத்தினா வளையம் ஊதி அங்க கலிப்பர் இறுகும். நம்மட வான் வண்டியில இருக்கிறது வேற சாதி றபர், ஈபிடிஎம். டொட் ஒயிலுக்குப் பொருந்தும், மினரல் ஒயில் பட்டா ஊறின கடலை மாதிரி ஊதும். பிளேனுக்கு மருந்து வானுக்கு நஞ்சு, வானுக்கு மருந்து பிளேனுக்கு நஞ்சு. இதில பவர் எண்டு ஒரு சாமானும் இல்ல. அவன் அனுப்பினது பிளேன் ஒயில்தானா எண்டதுக்கும் சாட்சி இல்ல, பவர் ஸ்டியரிங் ஒயிலும் சிவப்புத்தான். நிறத்தை நம்பாதீங்க, சில நல்ல பிரேக் ஒயிலுக்கும் சாயம் போடுறாங்க. ஒரு கிளாஸ் தண்ணியில நாலு சொட்டு விட்டுப் பாருங்க. டொட் 3, டொட் 4 தண்ணியோட கலந்து மறையும். மினரல் ஒயில் குழம்புக்கு மேல எண்ணெய் மாதிரி மிதக்கும். அரை நிமிச வேலை. செய்யல்ல. ஊத்தி, காத்து எடுத்து, வானை ரோட்டில இறக்கியாச்சு.

மூணாம் நாள் மிதி மேல வந்து கல்லு மாதிரி நிண்டுது. பிரேக்கை மிதிக்காமலே வான் இழுபடுது. நாலாம் நாள் நாலு சில்லும் சூடு. பிரேக் ஒயில் டப்பா மூடியைத் திறந்தா, உள்ளுக்க இருக்கிற றபர் அப்பளம் மாதிரி விரிஞ்சு, திரும்ப மூடிக்குள்ள அடங்கல்ல. அதைப் பார்த்த நேரமே மிச்சமும் விளங்கிட்டு. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள றபர் கப் ஊதி, ஒயில் டப்பாவுக்குத் திரும்பிற ஊசித் துவாரத்தை மூடிட்டு. அமுக்கம் இறங்க வழி இல்லாட்டி பிரேக் எப்படி விடும்?

கலிப்பரைப் பிரிச்சா இன்னும் கொடுமை. துருவை உரசாமலே மேல சில்வர் பெயின்ட். நிப்பிள் புரிக்குள்ளயும் பெயின்ட், டஸ்ட் கவர் மடிப்புக்குள்ளயும் பெயின்ட். கவரைக் கழட்டாமலே ஸ்பிரே அடிச்சிருக்கான். சீல் குந்துற தவாளிப்பில பழைய துரு கட்டியாக் கிடக்கு. பிஸ்டனில குரோம் கொத்தின மாதிரி குழி. கலிப்பர் வழுக்குற பின்னுக்குப் பூசியிருக்கிறது சில்லுப் பேரிங்குக்குப் போடுற கிரீஸ், அதுவும் அந்தப் பின்னின்ட றபரை ஊதப்பண்ணியிருக்கு.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கூத்து. முதல் நாள்: "கூரியரில அடிபட்டிருக்கும் அண்ணன்." ரெண்டாம் நாள்: "உங்கட பாஸுக்குக் காத்து எடுக்கத் தெரியாது போல." படம் அனுப்பினா நீலச் சரி விழுது, பதில் இல்ல. வேற போனால எடுத்தா: "பிரிச்ச சாமானுக்கு வொரண்டி இல்லத்தானே." பிரிக்காம எப்படிப் பிழை பிடிக்கிற? மறுகா பிளொக். சந்தைக்கு முறைப்பாடு போட்டதுக்கு, "எங்கள் தளம் விளம்பரத்துக்கு மட்டுமே, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பல்ல" எண்டு மெசின் பதில். விளம்பரம் இப்பவும் கிடக்கு. அதே வீடியோ, அதே விரல். விலை மட்டும் 42,000.

பழைய கலிப்பரை அனுப்பினா 5,000 கழிக்கிறன் எண்டும் சொன்னவன். சாக்குக்குள்ள கிடந்ததை நல்ல காலம் அனுப்பல்ல. அதை எடுத்து நேத்து விடுவிச்சாச்சு. செய்த விதம் இது:

கலிப்பர் வண்டியில இருக்கக்குள்ளயே, பேட்டைக் கழட்டி மிதியால பிஸ்டனைத் தள்ளி எடுக்கிறதுதான் சுகமான வழி. இங்க மாஸ்டர் சிலிண்டரே போச்சு. ரயர் கடைக் கொம்பிரசர் காத்தை விடாதீங்க. 2 அங்குலப் பிஸ்டனுக்கு 100 பிஎஸ்ஐ குடுத்தா 300 இறாத்தலுக்கு மேல தள்ளும், இறுகினது திடீரெண்டு விட்டா துவக்குச் சன்னம் மாதிரி வரும், விரல் போகும். கிரீஸ் துவக்குத்தான் நல்லது. ஹோஸ் பூட்டுற ஓட்டைக்குப் புரி சரியாப் பொருந்திற கிரீஸ் நிப்பிள் ஒண்டைப் பூட்டி, மற்ற ஓட்டையை அடைச்சு, மெதுவா அடிக்கிற. கிரீஸ் சுருங்காது, அதால பாயாது. பிஸ்டன் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா வரும். ரெண்டு பிஸ்டன் கலிப்பரில சுகமானது முதல் வெளிய வந்துட்டா மற்றதைத் தள்ள அமுக்கம் நிக்காது. அதால முந்துறதை ஜி கிளாம்பால பிடிச்சு வச்சு, ரெண்டையும் சமமா விளிம்பு வரைக்கும் கொண்டு வரணும். வராட்டி ஒரு ராத்திரி துரு இளக்கி அடிச்சு வைங்க, பிஸ்டன் விளிம்பை மரக்கட்டை வச்சுத் தட்டி முதல் கொஞ்சம் உள்ளுக்கு அனுப்பி, பிறகு வெளிய எடுங்க. சீல் ஓடுற பக்கத்தில பிடி குறடு படவே கூடாது.

வெளிய வந்த பிறகு அந்தக் கிரீஸ் ஒரு துளியும் மிஞ்சக் கூடாது, அதுவும் மினரல்தான். பிரேக் கிளீனராலயோ ஸ்பிரிட்டாலயோ ரெண்டு மூணு தரம் கழுவணும். மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் கிட்டவும் வரக் கூடாது. சீல் தவாளிப்பை மரக் குச்சியாலயோ பித்தளைக் கம்பியாலயோ சுரண்டணும், ஸ்குரூ டிரைவரால கீறினா ஒழுகும். பிஸ்டன் இங்க தப்பிச்சுது, விளிம்பில மட்டும்தான் துரு. 1200 தண்ணித் தாள் போதுமா இருந்துது. சீல் ஓடுற இடத்தில நகத்துக்குத் தட்டுப்படுற குழி இருந்தா அந்தப் பிஸ்டன் குப்பைக்கு. புதுச் சீலுக்குப் புது டொட் ஒயில் பூசி, முறுகாம இருத்தி, வழுக்குற பின்னுக்கு சிலிக்கன் கிரீஸ், ஹோஸுக்குப் புதுச் செப்பு வாஷர். ரெண்டு கலிப்பருக்கும் சீல் கிட்டும் கிரீஸும் சேர்த்து 6,400 ரூபா முடிஞ்சுது. 38,500 எங்க, 6,400 எங்க.

அதோட விட்டாப் பரவாயில்ல. மினரல் ஒயில் போன இடமெல்லாம் றபர் மாத்தணும்: மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, முன் பின் ஹோஸ் எல்லாம், பின் சில்லு சிலிண்டர் கப், டப்பா மூடி றபர். பைப்புக்குள்ள ஸ்பிரிட் விட்டு, காத்தடிச்சுக் காயவிட்டு, பிறகுதான் புது ஒயில். ஒண்டை விட்டாலும் திரும்ப இறுகும். அந்தச் செலவு 38,500க்கு மேல தனி.

ஒழுங்கா எழுதுறன் எண்டு சொன்னன், நேரம் இல்ல. சுருக்கமா: டஸ்ட் கவரில பெயின்ட் இருந்தா வாங்காதீங்க. நிப்பிளைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. லேபல் இல்லாத ஒயிலைத் தண்ணியில விட்டுப் பாருங்க. பில் இல்லாம, ஆளின்ட கணக்குக்குக் காசு போடாதீங்க; நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிக்கப் போறன், கையில இருக்கிறது வங்கித் துண்டு மட்டும்தான். நம்மட ஆள் எண்டு சொன்னா இன்னும் கவனம்.

மாஸ்டர் கிட்டு கொழும்பு பஸ்ஸில வருது, போய் எடுக்கணும். அந்த வீடியோ வந்த ஆக்கள் வேற யாரும் இருந்தா கீழ சொல்லுங்க, சேர்ந்து பொலிசுக்குப் போவம்.