கஞ்சிக்கோடு பக்கம் ஆள் எடுத்துக் குடுக்கற கன்சல்டன்சி – என் அனுபவம், 5க்கு 2

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுல சின்னதா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேனுங்க, அடுத்த கம்பெனிக்கு பார்ட்ஸ் செஞ்சு குடுக்கறது, மூணு விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மில்லிங் மெசின்), ஒரு டர்னிங் மெசின், பம்ப் பாடி, வால்வு கவர்னு ஓடுது. நம்ம லைன்ல மெசினைக் கூட லோன் போட்டு வாங்கிரலாம், ஆனா ட்ராயிங்கைப் பாத்து தானே புரோகிராம் எழுதி, பீஸைப் புடிச்சு வெக்கற ஃபிக்ஸ்சர் கட்டி, முதல் பீஸையே சரியா எடுக்கற செட்டர் கெடைக்கறது ரொம்பக் கஷ்டம். போன வருசம் வைகாசில எங்க செட்டர் நின்னுட்டாரு, ரெண்டு மெசின் சும்மா நின்னுச்சு, பார்ட்டி தினமும் போன் பண்றாங்க, வேற வழியில்லாம ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். பேரு போட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன், நான் சொல்றது எந்த ஆபீஸுக்குப் போனாலும் உபயோகப்படும்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். வேகம் அருமைங்க. ஒம்பது நாள்ல மூணு பேரை அனுப்புனாங்க, மூணாவது வந்த தம்பி மெசினோட ஃபனக் கண்ட்ரோல் பேனல்ல கை வெச்ச உடனே தெரிஞ்சு போச்சு, இவன்தான் ஆளுன்னு. சார்ஜ் வருசச் சம்பளத்துல 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம், போனஸுக்குக் கொறஞ்சபட்சம்னு சொல்வாங்கல்ல அதே கணக்கு. சம்பளம் 32,000 பேசுனோம், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 37,760 கட்டுனேன், பில் ஒழுங்கா வந்துச்சு. 90 நாளைக்குள்ள ஆள் வேலைய விட்டு நின்னா வேற ஆள் சும்மா தருவாங்களாம், அதை ரிப்ளேஸ்மென்ட் பீரியட்ங்கறாங்க.

104வது நாள் தம்பி நின்னுட்டான். ஓணத்துக்குக் குடுத்த காசை வாங்கிட்டு, அடுத்த வாரமே மதுக்கரைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி, 41,000 சம்பளம், வேன் வருது. கோவமா வந்துச்சு, ஆனா அவங்கிட்ட கேட்டப்ப மறைக்காம சொன்னான், அண்ணா, எனக்கு போன் பண்ணுனதே உங்களுக்கு என்னை அனுப்புன அதே ஆபீஸ்தாங்கண்ணான்னு. எங்கிட்ட ஒரு மாசச் சம்பளத்தை வாங்கிட்டுச் சேத்துவிட்ட ஆளை, 90 நாள் முடியறதுக்காகக் காத்திருந்து, இன்னொருத்தர்கிட்ட இன்னொரு மாசச் சம்பளத்துக்குக் குடுத்திருக்காங்க. இதுக்குத்தான் மூணு ஸ்டார் கொறச்சேன்.

ஆபீஸுக்குப் போயிக் கேட்டா அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் பேசுச்சு. சார், நாங்க போச்சிங் பண்றதில்ல, இது டேலண்ட் அக்விசிஷன், கேண்டிடேட் ஓப்பனா இருந்தாருன்னுச்சு. போச்சிங்ன்னா அடுத்தவன் காட்டுல திருட்டு வேட்டை, ஹெட்ஹன்டிங்ன்னா தலை வேட்டை, அது ரெண்டும் கேக்க நல்லால்லைன்னு இப்ப அக்விசிஷன்னு மாத்தி வெச்சிருக்காங்க, ஆனா நடக்கறது ஒண்ணுதான். எங்க யூனிட்ல வேலை பாக்கற மலையாளி சூப்பர்வைசர் இதுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, சாக்கிட்டுப் பிடித்தம். சாக்கைப் போட்டுப் புடிச்சுட்டுப் போறது, அங்க எம்எல்ஏக்களை இழுத்தாலும் பத்திரிகைல அதையேதான் எழுதறாங்க. நமக்கும் புதுசில்ல, சின்ன வயசுல சாக்கோட புள்ளபுடிக்கறவன் வருவான்னு பயமுறுத்துவாங்களே. கோயமுத்தூர்ப் பக்கம் பட்டறைல ஆளைத் தூக்கிட்டாங்க, இழுத்துட்டாங்க, வளைச்சுப் போட்டாங்கன்னு சொல்வோம். வால்பாறை, மூணாறு எஸ்டேட்டுக்கு ஆள் சேத்த காலத்துல கங்காணின்னாங்க, முன்பணத்தைக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போனாங்க.

ராத்திரி படுத்துட்டு இதையே யோசிச்சுட்டு இருந்தப்ப ஒண்ணு உறைச்சுது. இந்தத் தம்பி எங்கிட்ட வர்றதுக்கு முந்துன வாரம் வரைக்கும் கோயமுத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைல ஒரு யூனிட்ல வேலைல இருந்தான். அப்ப அந்த ஓனருக்கு நான்தானே தூக்குனவன்? ஆனா அன்னிக்கு வீட்ல போயி நான் சொன்னது நல்ல ஆள் அமைஞ்சுதுன்னு. நம்மகிட்ட வந்தா அமையறது, நம்மகிட்டருந்து போனா தூக்கறது. இந்த எல்லா வார்த்தைலயும் அந்தப் பையன் ஒரு மூட்டை மாதிரிதான் இருக்கான், அவனுக்குக் கொழந்தை இருக்கு, எட்டிமடைல வாடகை வீடு, 9,000 ரூவா கூடக் கெடைக்குதுன்னு அவன் யோசிச்சுப் போனான்கறது எதுலயுமே இல்ல. அவன் மேல எனக்குக் கோவம் இல்லீங்க, ஆபீஸ் மேலதான்.

இங்க ஓனர்ங்க நாங்க நாலஞ்சு பேரு டீக்கடைல பேசி வெச்சிருந்தோம், உன் ஆளை நான் எடுக்கல, என் ஆளை நீ எடுக்காதன்னு. அதுல இருந்தும் வெளிய வந்துட்டேன். அமெரிக்காவுல ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி எல்லாம் இதே மாதிரி தங்களுக்குள்ள பேசி வெச்சிருந்ததுக்கு 2010ல அரசாங்கம் கேஸ் போட்டுச்சு, அப்புறம் இன்ஜினியருங்க போட்ட கேஸ்ல 2015ல 41.5 கோடி டாலர் குடுத்து முடிச்சாங்க. ஆள் போகாம இருக்க நாம சம்பளத்தைத்தான் பாக்கணும், அவன் கதவைச் சாத்தக்கூடாது.

சட்டமும் அதேதான் சொல்லுது. 1872 ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவுப்படி, வேலையை விட்டுப் போனதுக்கப்புறம் போட்டிக் கம்பெனிக்குப் போகாதேன்னு எழுதி வாங்குனாலும் செல்லாது. கொறஞ்சது இத்தனை வருசம் இருக்கணும், இல்லைன்னா பணம் கட்டணும்கற பாண்டு வேற விசயம், விஜயா பேங்க் கேஸ்ல மூணு வருசம், 2 லட்சம்னு போட்டதை 2025ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லிருக்கு. எங்கள மாதிரி சின்ன யூனிட்ல அதைப் போட எனக்கு மனசில்ல, போட்டா நல்ல ஆள் உள்ளயே வரமாட்டான்.

ஆனா கன்சல்டன்சிய கட்டிப்போடலாம். அவங்க லைன்லயே ஆஃப் லிமிட்ஸ்னு ஒண்ணு இருக்கு, நீங்க எனக்கு அனுப்புன ஆளை இத்தனை மாசத்துக்கு நீங்களே கூப்புடக் கூடாதுங்கறது. அவனாப் போனா அது அவன் உரிமை, போன் உங்ககிட்டருந்து போகக்கூடாது, அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அந்த வரியே இல்ல, நானும் படிக்கல. நீங்க கேளுங்க, ஒரு வருசமாவது எழுதி வாங்குங்க, முழுப் பணத்தையும் முதல்லயே கட்டாம பாதிய 90 நாள் கழிச்சுத் தர்றேன்னு பேசிப் பாருங்க.

இந்த மாசம் மறுபடி ஒரு செட்டர் வேணும். அதே ஆபீஸ்ல அந்த வரியச் சேத்துத் தாங்கன்னு மெயில் போட்டிருக்கேன், மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றோம்னாங்க. வந்தா ஸ்டாரை மாத்தறேன்.