எலும்பைக் கரைப்பது எந்த அமிலம்?

எலும்பு நாள்தோறும் ஒரு பக்கம் கரைகிறது, இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்க அமிலம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் போட்டியிட்டன.

ஒன்று, லாக்டிக் அமிலம். 1960 வாக்கில் எலும்புத் துண்டுகளை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தபோது, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோஸை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) மாற்றின. ஓட்டோ வார்பர்க் 1920-களில் புற்றுக்கட்டிகளில் கண்ட அதே பழக்கம். பாராதைராய்டு ஹார்மோனைச் சேர்த்தால் லாக்டேட் இன்னும் கூடியது. எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுப்பதும் அதே ஹார்மோன்தான். அப்புறம் என்ன, இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது எளிதாகிவிட்டது.

மற்றது, புரோட்டான் பம்ப். அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதம் அது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல், எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு சுற்றோரத்தை அடைத்துவிடும். உள்ளே கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-2 என்ற நொதி, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்துப் புரோட்டான்களைத் தருகிறது. செல்லின் எரிசக்தி நாணயமான ஏடிபி-யைச் செலவழித்து பம்ப் அவற்றை அடியிலுள்ள குழிக்குள் தள்ளுகிறது. அங்கே பிஎச் சுமார் 4.5 வரை இறங்கும் (பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). தாது கரையாமல் என்ன செய்யும்?

என் ஓட்டு பம்புக்குத்தான். காரணம் நோயாளிகள். அந்த நொதி இல்லாதவர்களுக்கு ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற எலும்பு நோய் வருவது 1983-இல் தெரிந்தது. பம்பின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு கெட்டாலும் அதே நோய் என்பது 2000-இல் தெரிந்தது. எலும்பு அடர்ந்து இறுகும், ஆனால் எளிதில் முறியும். மஜ்ஜைக்கு இடமே இருக்காது. லாக்டிக் அமிலமே போதுமென்றால் இவர்களுக்கும் எலும்பு கரைந்திருக்க வேண்டுமே.

சரி, அவ்வளவு லாக்டேட்டும் யாருடையது? பெரும்பாலும் எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்டுடையது. கொத்தனாரின் செலவை இடிக்க வந்தவர் கணக்கில் எழுதியதுபோல ஆகிவிட்டது. பாராதைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் ஆஸ்டியோபிளாஸ்ட் வம்சத்துச் செல்களில்தான் நிறைய உண்டு. ஒரு குளுக்கோஸை லாக்டேட்டாக்கினால் 2 ஏடிபி. மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால் 30-ஐ ஒட்டி. நஷ்டக் கணக்குபோலத் தெரியும். ஆனால் லாக்டேட் வழி வேகமானது. போதுமான குளுக்கோஸ் கிடைக்கும்வரை எலும்பின் முக்கியப் புரதமான கொல்லாஜனைச் சுரக்கும் செல்லுக்கு அது கட்டுப்படியாகும். குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவில் எரியும் வழியில் இடையே உருவாவது சிட்ரேட். உடலிலுள்ள சிட்ரேட்டில் பெரும்பங்கு எலும்புத் தாதுவில்தான் இருக்கிறது. அதை எரிக்காமல் வெளியே விடுவதும் இந்தச் செல்களின் வேலை என்ற கருத்து எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

லாக்டேட் கட்சிக்கு ஒரு சலுகை தரலாம். ஆஸ்டியோகிளாஸ்ட்டில் மைட்டோகாண்ட்ரியா நிரம்பி வழிந்தாலும், எலும்பை அரிக்கும் நேரத்தில் அதுவும் குளுக்கோஸை லாக்டேட்டாக்கி ஏடிபி எடுத்துக்கொள்கிறது.