கடைக் கம்ப்யூட்டருக்கு ரிமோட் வசதி போட்டிருக்கும் நெல்லை வியாபாரிகள் கவனத்துக்கு

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் கடையோ மில்லோ வைத்திருப்பவர்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து பார்க்க யாரிடமாவது வசதி செய்து வாங்கியிருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்குச் செய்து கொடுத்தவர் பாளையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்துபவர். விவகாரம் வக்கீல் நோட்டீஸ் அளவில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன். இதே மாதிரி நிறைய கடைகளுக்குப் போட்டுக் கொடுத்திருப்பதாக அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் சித்தப்பா அப்பளத் தொழில் செய்கிறார். உளுந்து கொள்முதல், அப்பளம் இடும் பெண்களின் கூலி, தென்காசி, நாகர்கோவில் கடைகளுக்குப் போகும் பில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. வேலையை நான் பாளையில் இருந்தபடி பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு எண்ட்ரி இடித்தால் சித்தப்பா போன் பண்ணுவார்: "ஏல, இது ஏன் டேலி ஆக மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாரு." அதற்காக வேய்ந்தான்குளத்தில் பாபநாசம் பஸ் ஏறி, சேரன்மகாதேவி வழியாகப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும்.

எங்கள் தேவை ரொம்பச் சின்னது. சித்தப்பா உட்கார்ந்து வேலை செய்கிற அதே திரையை நானும் பார்க்க வேண்டும். அவர் கையில் மவுஸ் இருக்கும்போதே நானும் நகர்த்திக் காட்ட வேண்டும். விண்டோஸோடு வருகிற ரிமோட் டெஸ்க்டாப் இதற்கு ஒத்து வராது. நான் உள்ளே நுழைந்தால் அங்கே அவர் திரை பூட்டிக்கொள்ளும். ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து நுழையும் வசதியே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் திரையை அப்படியே பகிர்வதற்கு வி.என்.சி. என்று ஒரு வகை மென்பொருள் இருக்கிறது. 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவானது. நல்ல கருவி, பல வடிவங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. குற்றம் கருவியில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த பில்லில் "செக்யூர் ரிமோட் டெஸ்க்டாப், முழு என்க்ரிப்ஷன், ஒரு வருட லைசென்ஸ்" என்று இருந்தது. ரூ. 6,500. அதற்கு மேல் வருடப் பராமரிப்பு ரூ. 3,000. என்க்ரிப்ஷன் என்றால், போகிற தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புவது. ஸ்டாட்டிக் ஐ.பி., அதாவது மாறாத இணைய முகவரி எண், இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்லி, இன்டர்நெட் கம்பெனியிடம் அதற்கும் தனியாகக் கட்ட வைத்தார். வந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். என் போனில் ஒரு ஆப் போட்டு, கல்லிடைத் திரையைத் திறந்து காட்டினார். திறக்கும் முன்னால் "இந்த இணைப்பு என்க்ரிப்ட் செய்யப்படவில்லை" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வந்தது. என்னவென்று கேட்டேன். "அது எல்லாருக்கும் வரும் சார், கண்டுக்காதீங்க" என்று சொல்லி, இனிமேல் அந்த எச்சரிக்கையே வராதபடி ஒரு டிக்கை எடுத்துவிட்டார். முழு என்க்ரிப்ஷனுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, என்க்ரிப்ஷன் இல்லை என்று சொன்ன ஒரே சாட்சியின் வாயையும் அடைத்துவிட்டுப் போனார்.

சில மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம் சித்தப்பா போனில், "ஏல, நீயா மவுஸ ஆட்டுத?" என்றார். நான் அப்போது ரோட்டில் இருந்தேன். பிரவுசர் தானாகத் திறக்கிறது, மெயில் பெட்டிக்குள் அம்புக்குறி மேலும் கீழும் போகிறது என்றார். உடனே நெட் வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார், ஆட்டம் நின்றது.

ஆனால் அதற்கு முன்பே யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். நாகர்கோவிலில் எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி அடுத்த நாள் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க சொன்ன புது அக்கவுண்டுக்கே போட்டுட்டேன்" என்றார். நாங்கள் எந்தப் புது அக்கவுண்டும் சொல்லவில்லை. மெயிலின் சென்ட் பெட்டியைப் பார்த்தால், எங்கள் பில்லையே இணைத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, எங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள். அவர் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து, அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிந்தார். பணத்தில் ஒரு பகுதியை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. மீதி போன இடம் தெரியவில்லை. எத்தனையோ வருடமாகக் கடன் பாக்கி சொல்லாமல் சரக்கு எடுத்த மனிதர் அவர். அவருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் இப்படி ஒரு சங்கடம் வந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

என் மச்சினன் தூத்துக்குடியில் சர்வர் வேலை பார்க்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு கல்லிடைக்குப் போய் எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம்.

லைசென்ஸ் என்று காசு வாங்கியது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய டைட்வி.என்.சி. மென்பொருளுக்கு. நிறுவிக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்டிருந்தால் தாராளமாகக் கொடுத்திருப்போம், அதில் தப்பே இல்லை. இல்லாத லைசென்ஸுக்கு எதற்குப் பணம்?

பாஸ்வேர்டுக்கு வருகிறேன். அப்பளம் என்பதற்கான ஆங்கில எழுத்துகள் ஏழு, அதன் பின்னால் 12345. பன்னிரண்டு எழுத்து இருக்கிறது, பலமானது என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இந்த வி.என்.சி. பாஸ்வேர்டு முறையில் முதல் எட்டு எழுத்துக்கு மேல் எதுவும் கணக்கில் வராது. மச்சினன் என் கண் முன்னாலேயே அப்பளமும் ஒன்றும் மட்டும் அடித்தான். திரை திறந்துகொண்டது. பின்னால் இருந்த 2345 வெறும் அலங்காரம்.

பெரிய அநியாயம் ரௌட்டரில் இருந்தது. போர்ட் என்பது கம்ப்யூட்டருக்குள் நுழைய எண் போட்ட வாசல் மாதிரி. வெளியிலிருந்து வருவதை எந்த வாசலுக்கு அனுப்புவது என்று சொல்லும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் ஒரே ஒரு வரி: வெளியிலிருந்து 5900-க்கு யார் வந்தாலும் நேராகக் கணக்குக் கம்ப்யூட்டரின் 5900-க்கு அனுப்பு. 5900 என்பது வி.என்.சி.யின் வழக்கமான போர்ட், உலகத்துக்கே தெரிந்த எண். இணையம் முழுவதும் திறந்த போர்ட்டுகளைத் தேடிப் பட்டியல் போடும் தளங்கள் உண்டு. ஷோடான் 2009-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. கல்லிடைக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஐ.பி. எண் போதும். தட்டிப் பார்ப்பது மனிதர்கூட இல்லை, இரவு பகலாக ஓடும் புரோகிராம்கள். இதில் என்க்ரிப்ஷன் என்று பார்த்தால், நுழையும்போது பாஸ்வேர்டு மட்டும் மறைத்து அனுப்பப்படுகிறது. அதன் பிறகு திரையில் தெரிவதும் நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே திறந்த நிலையில் போகிறது. அதை எஸ்.எஸ்.எச். என்ற, என்க்ரிப்ட் செய்த இணைப்பு வழியாகச் செலுத்துங்கள் என்று அந்த மென்பொருளைச் செய்தவர்களே தங்கள் பக்கத்தில் அறிவுரை எழுதி வைத்திருக்கிறார்கள். பில் போட்டவர் அதை ஒரு தடவை வாசித்திருந்தால் போதும்.

இன்னொன்று. இந்த மென்பொருள் ஓடும்போது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். யாராவது இணைந்தால் அது மாறித் தெரியும். எங்கள் கம்ப்யூட்டரில் அதை மறைத்து வைத்திருந்தார். அது கண்ணில் பட்டிருந்தால் சித்தப்பா எப்போதோ கேட்டிருப்பார்.

அவரிடமே நேரில் போய்க் கேட்டோம். "நீங்க யார்கிட்டயாவது பாஸ்வேர்டச் சொல்லியிருப்பீங்க" என்று எங்கள் மேலேயே திருப்பினார். வெளியே 5900 ஏன் திறந்திருக்கிறது என்று மச்சினன் கேட்டதும், "எல்லாக் கடைக்கும் இப்படித்தான் போடுதேன், ஒருத்தரும் கம்ப்ளெய்ண்ட் சொன்னதில்ல" என்றார். எல்லாக் கடைக்கும் என்று அவர் சொன்னதால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இடத்தில் சோதிப்பது எளிது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு, உங்கள் கடையின் ஐ.பி. எண்ணை வி.என்.சி. ஆப்பில் போட்டுப் பாருங்கள். வேறு எந்தத் தடையும் இல்லாமல் நேராகப் பாஸ்வேர்டு பெட்டி வந்தால், அதே பெட்டி உலகத்தில் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம். ரௌட்டர் பக்கத்துக்குப் போய் 5900, 5901, 3389 என்று ஏதாவது ஃபார்வர்ட் ஆகியிருந்தால் உடனே அழியுங்கள். 3389 விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். 2019-ல் புளூகீப் என்ற ஓட்டை வந்தபோது, பாஸ்வேர்டே தெரியாமல் நுழைய வழி இருந்தது இதில்தான். போர்ட் எண்ணை மட்டும் வேறாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேடும் புரோகிராம்கள் எல்லா எண்ணையும்தான் தட்டுகின்றன.

எங்களுக்கு மச்சினன் செய்து கொடுத்தது இது. முதலில் கம்ப்யூட்டரைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டான். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். வி.என்.சி. அதே இலவச மென்பொருள்தான், ஆனால் அதன் அமைப்பில் அதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்றுக்கொள் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டான். இப்போது வெளியிலிருந்து நேராக யாரும் அதைத் தொட முடியாது. விண்டோஸ் 10-லேயே எஸ்.எஸ்.எச். சர்வரைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைச் சேர்த்து, பாஸ்வேர்டால் நுழைவதை முழுக்க அணைத்து, என் லேப்டாப்பில் இருக்கும் சாவிக் கோப்பு இருந்தால் மட்டும் திறக்கும்படி வைத்தான். நான் முதலில் எஸ்.எஸ்.எச். சுரங்கத்தைத் திறக்கிறேன். என் லேப்டாப்பின் 5901-ல் கேட்பது அந்தச் சுரங்கம் வழியாகக் கல்லிடையின் 5900-க்குப் போகிறது. நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் புரியாத குப்பைதான் கிடைக்கும். சித்தப்பாவுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை, அதே திரை, அதே டாலி. ஐகான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அது மாறினால் எனக்குப் போன் பண்ணுகிறார்.

ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்க மனமில்லாதவர்களுக்கு ஒயர்கார்டு மாதிரி வி.பி.என். (இணையத்துக்குள் மறைவாகப் போகும் தனி வழி) அடிப்படையில், இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே இணைகிற முறைகளும் இருக்கின்றன. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்11வி.என்.சி. போட்டால் ஓடுகிற திரையை அப்படியே பகிரலாம். அதிலும் லோக்கல்ஹோஸ்ட் (அதே கம்ப்யூட்டர்) மட்டும் என்ற தேர்வு உண்டு, அதைப் போட்டுவிட்டு எஸ்.எஸ்.எச். வழியாக வாருங்கள். எனிடெஸ்க் என்ற திரை பகிரும் ஆப் போதாதா என்று கேட்பவர்களுக்கு: தெரிந்தவர்களுக்குள் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். முகம் தெரியாத ஆள் போனில் கேட்டால் அதில் தெரியும் இணைப்பு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

பில்லையும் ரௌட்டர் பக்கத்தின் படத்தையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், இது வணிகத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் சிவில் வழக்கையும் யோசித்து வருகிறோம். பாளையில் இதே போல "செக்யூர் ரிமோட் டெஸ்க்டாப், ஒரு வருட லைசென்ஸ்" என்று எழுதிய பில் உங்கள் கையில் இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். ரௌட்டரில் அந்த வரியை அழிப்பதற்கு முன் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.