சப்பாத்துப் பெட்டி நிறமாலைகாட்டி: மூன்று மாரிக்குப் பிறகு

ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டியில், திருகோணமலைக் கடற்காற்றுக்கு முதலில் கெடுவது ஒளி புகும் பிளவுக்கு வைத்த சவர பிளேட்தான். வீட்டில் நிறமாலைகாட்டி செய்யப்போகிறேன் என்று யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். என்னுடையது மூன்று மாரி கண்டுவிட்டது. டிவிடித் துண்டு முதல் நாள் ஒட்டியதே. பிளேட்டை நான்கு தரம் மாற்றியாயிற்று.

சப்பாத்துப் பெட்டிக்குள் கறுப்புத் தாள், ஒரு முனையில் பிளவு, மறுமுனையில் சரிவாக டிவிடிப் படலம், அதன் பின்னால் கைத்தொலைபேசிக் கமரா. அவ்வளவுதான். முதலில் சீடியில் செய்து பார்த்தேன். சீடியில் பதிந்துள்ள நுண்ணிய சுருள் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீற்றர், டிவிடியில் 0.74. தடம் நெருங்கினால் நிறங்கள் அகலமாக விரியும், ஆகவே டிவிடிதான் நல்லது. அது இரண்டு தட்டுகளை ஒட்டிச் செய்தது. விளிம்பில் கத்தி முனையை விட்டால் பிரியும். உலோகப் பூச்சை டேப்பால் உரித்துவிட்டு, வெளி விளிம்பை ஒட்டி ஒரு துண்டு வெட்டுங்கள். அங்கேதான் தடங்கள் கிட்டத்தட்ட நேராக ஓடும். பிளவும் தடமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும்.

பிளவுக்கு இரண்டு பிளேட்டுகளின் கூர்முனைகளுக்கு நடுவே ஒரு சாதாரண ஏ4 தாளை வைத்து ஒட்டிவிட்டு, தாளை உருவிவிடுவேன். ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும். முதல் மாரி முடிந்து திறந்தபோது நிறமாலை முழுக்க நீளவாட்டில் கறுப்புக் கீறல்கள். படலம் பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் மனம் சரியில்லை. பார்த்தால், பிளேட் விளிம்பில் பொட்டுப் பொட்டாகத் துரு. இப்போது பெட்டியை மூடித் தகர டின்னுக்குள், மருந்துப் போத்தலில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

பழைய சீஎஃப்எல் குமிழ் ஒன்றை எறியாமல் வைத்திருங்கள். அதிலுள்ள பாதரசம் 435.8, 546.1 நனோமீற்றர் அலைநீளங்களில் இரண்டு கூரிய கோடுகளைத் தரும். அளவுகோல் அமைக்க அவை போதும். உடைந்தால் பாதரசம் வெளியேறும், கவனம். அப்படி அளவு வைத்த பிறகு காஸ் அடுப்புச் சுவாலையில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மஞ்சள் கோடு 590 இல் வந்தது. உண்மையில் உப்பிலுள்ள சோடியத்துக்கு 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள். இந்தப் பெட்டியால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

பிறகு ஒரு இரவு, செம்மஞ்சளாக எரியும் பழைய சோடிய வீதி விளக்கொன்றைப் பார்த்தேன். அடுப்பில் பிரகாசமாக நின்ற அதே இடத்தில் இங்கே கறுப்புப் பள்ளம்! விளக்கின் நடுவே உள்ள சூடான சோடிய ஆவி விடும் ஒளியை, ஓரத்திலுள்ள குளிர்ந்த ஆவி விழுங்கிவிடுகிறது. சூரிய ஒளியிலும் இதேதான் நடக்கிறது. 1814 இல் ஜேர்மன் ஒளியியலாளர் பிரவுன்ஹோஃபர் சூரிய ஒளியில் அளந்த கறுப்புக் கோடுகளில் டி என்று பெயரிட்டது இந்த இடத்தைத்தான். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தபோது இதை மனப்பாடம் செய்தேன். விளங்கியது அன்றிரவு வீதியில் நின்றபோதுதான்.

சூரியனை நேரே பார்க்கவே கூடாது, வானத்தைப் பார்த்தாலே போதும். 486 இல் ஐதரசனின் கறுப்புக் கோடும், 517 பக்கம் மக்னீசியத்தின் கோடுகளும் நன்றாகத் தெரியும். ஒரு நாள் உவர்மலையில் நின்று மேற்கு வானத்தைப் பார்க்கையில் மகள், "அப்பா, சிவப்புக்குள்ள இந்தக் கோடு மத்தியானம் இருக்கேல்லையே" என்றாள். 687 நனோமீற்றர், ஒட்சிசன். சூரியன் சாயும்போது ஒளி நம் வளிமண்டலத்துக்குள் நீண்ட தூரம் வருவதால் அந்தக் கோடு கறுக்கிறது. நான் கவனிக்காமல் விட்டதை அவள் கண்டுபிடித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

சப்பாத்துப் பெட்டியே இரண்டாம் மாரியில் நெளிந்து, அளவுகள் நகர்ந்துவிட்டன. உள்ளே இருந்ததையெல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. முதலிலேயே பிளாஸ்டிக்கில் செய்திருக்கலாம்.

டி கோட்டுக்குப் பக்கத்தில், சிவப்பை நோக்கி, காற்றிலுள்ள நீராவி ஒரு மங்கல் பட்டை போடும். 19 ஆம் நூற்றாண்டில் மழை வருமா என்று அறிய அதையே பார்த்திருக்கிறார்கள். ஐப்பசி பிறந்ததும் தினமும் காலையில் டச்சுக்குடாப் பக்கம் வானத்தைப் படமெடுத்து, அன்று மழை பெய்ததா என்று பக்கத்தில் எழுதிவைக்கப்போகிறோம். கொப்பியில் மகள் கோடு போட்டாயிற்று.