இச்சோன் பீங்கான் விழாவில் 'விறகுச் சூளை' ஜாடி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தென் கொரியாவில் வசிப்பவர்களும் வசந்த காலத்தில் சுற்றிப் பார்க்க வருபவர்களும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இச்சோன் விழாவுக்குப் போகும் வழியில், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒரு கடையில் 1,80,000 வோன் வாங்கிக்கொண்டு, அச்சுப்படம் ஒட்டிய ஜாடியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விறகுச் சூளையில் சுட்டது, மேகமும் நாரையும் கையாலேயே பதித்தது என்றார் கடைக்காரர். சாம்பல் பச்சை நிறம், மரப்பெட்டி, சிவப்பு முத்திரை போட்ட சான்றிதழ், எல்லாம் கச்சிதம். முதலில் சொன்ன விலை 3,00,000. "கார்டு வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் குறைக்கிறேன்" என்றார். ரசீது கேட்டதற்கு இயந்திரம் பழுதாம்.

அப்புறம் விழா நடக்கும் யெஸ்பார்க் கலைக் கிராமத்துக்குள் போனேன். ஒரு பட்டறையில் அதே வேலைப்பாட்டைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரம் முழுதும் காயாத ஜாடியில் கோடுகளைக் குடைகிறார்கள். பள்ளத்தில் வெள்ளை மண்ணையும் சிவப்பு மண்ணையும் அப்பி, காய்ந்ததும் மேலே வழிந்ததைச் சுரண்டி எடுக்கிறார்கள். சூளையில் அந்தச் சிவப்பு மண் கறுத்துவிடும். ஒருமுறை சுட்டு, மெருகு பூசி, 1,200 டிகிரிக்கும் மேல் மறுபடி சுட வேண்டும். கொரியாவை முன்பு ஆண்ட கோரியோ அரச மரபின் காலத்திலிருந்து வரும் முறை இது. கையால் குடைந்த இரண்டு நாரைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கவே முடியாது.

என் ஜாடியை எடுத்துப் பார்த்தேன். எல்லா நாரைக்கும் இடது இறக்கையில் அதே இடத்தில் அதே சின்ன வெட்டு! போன் கேமராவைப் பெரிதாக்கினால் கறுப்புக் கோடு முழுவதும் செய்தித்தாள் படம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பின்பக்கம் படத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் ஒரு மேகம் பாதியோடு நிற்கிறது.

திரும்பிப் போய்க் கேட்டால், "ஒட்டியதும் கைதானே" என்கிறார் அந்த மனிதர், கொஞ்சமும் கூசாமல். பணம் திரும்பத் தரமாட்டாராம், வேண்டுமானால் இரண்டு தேநீர்க் கிண்ணம் எடுத்துக்கொள்ளலாமாம்.

கார்டில் கொடுக்கிறவரிடம் கூடுதலாக வாங்குவது கொரியச் சட்டப்படி தவறு. ரொக்கத்துக்கும் அரசுப் பதிவுள்ள ரசீது கேட்டு வாங்கலாம். இரண்டுக்கும் மழுப்புகிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள். சான்றிதழ், பெட்டி இதையெல்லாம் நம்ப வேண்டாம், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சக்கரமும் சூளையும் கண்ணெதிரே இருக்கிற பட்டறைகள் கிராமத்துக்குள் ஏராளம், செய்தவரிடமே வாங்கலாம். ரயிலில் வருபவர்கள் பாங்யோ நிலையத்தில் கியோங்காங் ரயில் தடத்துக்கு மாறி சின்துன்தொயேசோன் நிலையத்தில் இறங்கினால், இந்த வண்டி நிறுத்துமிடத்துப் பக்கமே வர வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் ஆலோசனைக்கு 1372, சுற்றுலாப் பயணிகள் 1330 எண்ணை அழையுங்கள். 1330-இல் ஆங்கிலத்திலும் பேசலாம். கடை முகப்பு, ஜாடி, விலைச்சீட்டு மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நானும் அவற்றை வைத்துத்தான் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.