கிரனோலா: ஓடிஜியா, வாணலியா?

கிரனோலாவை (ஓட்ஸும் பருப்புகளும் இனிப்பில் கலந்து மொறுமொறுப்பாக்கிய காலை உணவு) வீட்டிலேயே செய்யலாம் என்று முடிவெடுத்தவுடன் வருகிற முதல் கேள்வி, ஓடிஜி (மேஜையில் வைக்கிற சின்ன மின் அவன்) இல்லாமல் முடியுமா என்பதுதான். தாராளமாக முடியும். ஆனால் ஓடிஜி செய்முறையை அப்படியே வாணலியில் செய்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிற ஓட்ஸ்தான் மிஞ்சும். அடுப்பு மாறினால் இனிப்பும் மாற வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அடிப்படை அளவு இரண்டுக்கும் ஒன்றுதான்: 3 கப் ரோல்டு ஓட்ஸ், பாதாம், முந்திரி, பூசணி விதை எல்லாம் சேர்த்து 1 கப், அரை டீஸ்பூன் உப்பு. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், பொடிந்துவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸும் சரிப்படாது, எவ்வளவு வறுத்தாலும் பல்லுக்குக் கடினம்.

ஓடிஜியில் செய்பவர்களுக்குத் தேன் பொருத்தம். மூன்றில் ஒரு பங்கு கப் தேன், அதே அளவு தேங்காய் எண்ணெய், இரண்டையும் லேசாகச் சூடாக்கி ஓட்ஸில் கலந்து தட்டில் பரப்பி, 150 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். தேனில் ஃபிரக்டோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் கருகும். அவசரப்பட்டு 180 டிகிரிக்குப் போனால் ஓரமெல்லாம் கசக்கும். சின்ன ஓடிஜியில் சூடாகும் மேல் கம்பி மிக அருகில் இருக்கும் என்பதால் தட்டைக் கீழ் அடுக்கிலேயே வையுங்கள். பாதி நேரத்தில் ஒரு முறை கிளறி, கரண்டியால் நன்றாக அழுத்திவிட்டால் போதும். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், பயப்பட வேண்டாம். முழுக்க ஆறும்வரை கை வைக்காமல் விட்டால்தான் கட்டி கட்டியாக உடைக்க வரும்.

வாணலியில் இந்தத் தேன் கணக்கு எடுபடாது. கிளறிக்கொண்டே இருந்தால் கட்டி சேராது, கிளறாவிட்டால் அடிப்பிடிக்கும். தேனில் இருக்கும் ஈரமும் ஒழுங்காக வற்றாது. இங்கே வெல்லம்தான் ஆள். ஓட்ஸை அடி கனமான வாணலியில் சிறுதீயில் வாசனை வரும்வரை வெறுமனே வறுக்க வேண்டும், பத்து நிமிடம் ஆகும். பருப்புகளைத் தனியாக நெய்யில் வறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அரை கப் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுகிற அதே பதத்துக்குக் காய்ச்சுங்கள்: தண்ணீரில் விட்ட சொட்டை உருட்டித் தட்டில் போட்டால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். கம்பிப் பதத்தில் நிறுத்தினால் ஆறிய பிறகும் ஒட்டும். அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் உடனே பரப்பிவிடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் வாணலியிலேயே இறுகிவிடும்.

ருசியில் என் ஓட்டு வாணலிக்கு. நேரடித் தீயில் வறுத்த ஓட்ஸின் வாசனை ஓடிஜியில் வருவதில்லை. ஆனால் பாலிலோ தயிரிலோ போட்டுச் சாப்பிடத் தேன் கிரனோலாதான் சுகம். வெல்லக் கட்டி அங்கே கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அதிலும் சூடான பாலில் போட்டால் வெல்லத்தால் பால் திரியக்கூடும். வெல்லம் சேர்த்ததால் ‘ஹெல்தி’ என்று இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கலோரிக் கணக்கில் அதுவும் சர்க்கரைதான்.

வெறும் மைக்ரோவேவ் வேண்டாம், பருப்பு உள்ளுக்குள்ளே கருகும். கன்வெக்‌ஷன் வசதி (சூடான காற்றைச் சுழற்றுவது) இருந்தால் அது ஓடிஜி கணக்கு. திராட்சை, பேரீச்சை எந்த முறையிலும் கடைசியில்தான், ஆறிய பிறகு.

மழைக்காலத்தில் இரண்டுமே நமத்துப்போகும். தேன் கிரனோலாவை 130 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும் (திராட்சையைப் பொறுக்கிவிட்டு வையுங்கள்). வெல்லத்தது சூட்டில் இளகி மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த மாதங்களில் அதைப் பாதி அளவு மட்டும் செய்யுங்கள்.